படிக்கட்டுச் சுவரில் மிச்சமிருந்த ஆணி

மின்விசிறி தாளம் தப்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. நாலு முறை ஒழுங்காகத் தட்டும், ஐந்தாவதை விழுங்கிவிடும், பிறகு விழுங்கியதை ஈடுகட்டுவதுபோல் இரண்டைச் சேர்த்துத் தட்டும். ஞானசிகாமணியால் அதிலிருந்து காதைப் பிடுங்க முடியவில்லை. இளமை முழுக்க பேஸ் கிடார் வாசித்தே கழித்தவருக்குத் தாளம் தப்புவது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போகும். எதிரே தலைவர் வரதன் பேசிக்கொண்டிருந்தார். வரதன் ஓய்வுபெற்ற பல் டாக்டர். எந்த வாத்தியத்தையும் தொட்டவரில்லை, ஆனால் ஒரு கச்சேரி விடாமல் கேட்டவர், அந்த ஒரு தகுதியிலேயே தலைவராகிவிட்டவர். பெரம்பூரில் இந்த மன்றத்தின் மாடி அறையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் கூடுவார்கள். அந்தக் காலத்தில் இந்த ஊரில் ராக் வாசித்துவிட்டு, பிறகு ரயில்வேயிலும் பாங்கிலும் இன்ஷூரன்சிலும் கரைந்துபோனவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் படத்தைச் சட்டம் போட்டு, கீழே கேரம் அறையிலிருந்து மேலே வரும் படிக்கட்டுச் சுவரில் மாட்டுவார்கள். புகழ்ச் சுவர் என்று பெயர். ஊரில் யாருக்கும் தெரியாத புகழ்தான், ஆனாலும் புகழ். இந்த வருஷத்துக்கான ஆணிகளில் ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் ஆள் முடிவாகிவிட்டது. ஞானசிகாமணி ஏறி வரும்போதே அந்த ஒற்றை ஆணியைப் பார்த்தார். மொட்டையாக, கொஞ்சம் சாய்ந்து நின்றது. அதைப் பார்க்காமல் ஏறியிருக்கலாம். கண் யார் பேச்சைக் கேட்கிறது.

"ரெஜினால்டை விட்டுட்டு யாரைப் போட்டாலும் அது பாவம்," என்று வரதன் மேசையைத் தட்டினார். மேசையும் தாளம் தப்பித்தான் அதிர்ந்தது. ரெஜினால்ட், சால்ட் வாட்டர் குழுவின் லீட் கிடார். கிடாரைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசிப்பான், பல்லால் கம்பியை இழுப்பான், அதனால்தான் பல் டாக்டருக்கு அவன்மேல் இத்தனை பிரியமோ என்று ஞானசிகாமணி நினைத்தார், நினைத்த வேகத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கியது, ஏனென்றால் ரெஜினால்ட் போன மழைக்காலத்தில் செத்துப்போனான். செத்தவனைக் கிண்டல் செய்யக்கூடாது. கீபோர்டு நாதமுனியும் ரெஜினால்ட் பக்கம். சினிமாப் பாட்டுப் பதிவுகளுக்கெல்லாம் வாசித்த மனுஷன், அவர் தலையாட்டினால் ஒரு கனம் இருக்கும். மறுபக்கம் மெர்சி. கொளத்தூரில் இசைப்பள்ளி நடத்துகிற பெண், கூட்டத்தில் அவள்தான் சின்னவள், எல்லோரையும் அங்கிள் என்பாள். "அங்கிள், சுவத்துல எத்தனை கிடார் இருக்குன்னு இறங்கும்போது பாருங்க. மாடு முட்டற மாதிரி எல்லாரும் கிடாரைத் தூக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு பொம்பளை இருக்காளா? ஜெசிந்தா ஆன்ட்டி ட்ரம்ஸ் வாசிச்சாங்கன்னு சொன்னா என் ஸ்டூடன்ட்ஸ் நம்பவே மாட்டேங்குதுங்க." அந்தப் பெயர் அறைக்குள் விழுந்ததிலிருந்துதான் அவருக்கு மின்விசிறி கேட்க ஆரம்பித்தது. அதற்கு முன்னாலும் அது அப்படித்தான் சுற்றியிருக்கும்.

ஜெசிந்தா, பிளாக் டிக்கெட் குழு. அவரும் பிளாக் டிக்கெட் குழு. ஒரு குழுவுக்கு ஒரு படம்தான் என்பது இந்த மன்றத்தின் விதி. ஒரே குழுவின் ஆட்கள் வரிசையாக மேலே ஏறிவிடுகிறார்கள் என்று முன்னொரு கூட்டத்தில் சண்டை வந்தபோது போட்டது. வழிமொழிந்தவர் யார் என்றால், சாட்சாத் ஞானசிகாமணி. நியாயமான விதி என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னதுகூட நினைவிருக்கிறது. தன் வாயால் கெடும் தவளைக்குப் பெரம்பூரில் வீடு என்று அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்னொரு விதியும் உண்டு, இந்தத் தேர்வுக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர் பெயரை எடுக்கக்கூடாது, விலகிய மறு வருஷம் எடுக்கலாம். இந்தக் கூட்டம் முடிந்ததும் விலகிவிடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. சொன்னால், "எதுக்கு, சும்மாத்தானே போய் டீ குடிச்சிட்டு வர்றீங்க," என்பாள், காரணம் சொல்லவேண்டி வரும், காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவு அற்பமாக இருக்கும் என்று அவருக்கே தெரியும். என் படத்தை மாட்டுவார்கள். அவ்வளவுதான் காரணம். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் படிக்கட்டுச் சுவருக்கு ஏங்குகிறான், கேரம் ஆடவருகிறவர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிற சுவர், எண்ணெய்த் தலை பட்டுப் பட்டுக் கறுத்த சுவர். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள். அதிலும் போன கிறிஸ்துமசுக்கு மெர்சியே வாயெடுத்துச் சொன்னாள், "நீங்க கமிட்டியை விட்டா, அடுத்த தடவை உங்க பேரை நான்தான் அங்கிள் சொல்லப்போறேன்." சொன்னது அவளுக்கு ஞாபகமில்லை. கேக் வெட்டிக்கொண்டே சொன்னாள். கேக் தின்றுகொண்டே கேட்டவருக்குத்தான் ஆணி அடித்ததுபோல் பதிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹென்றி முழங்கையால் இடித்தான். ஹென்றி அந்தக் காலத்து மைக்செட் ஆள், பிளாக் டிக்கெட் வாசித்த எல்லா மேடைக்கும் ஒலிபெருக்கி கட்டியவன், பிறந்ததிலிருந்து நண்பன். "நான் ஜெசிக்குத்தான் போடப்போறேன். உனக்கு அப்புறம் வழி இல்லடா, தெரியுமில்ல?" என்று காதோரம் சொன்னான். "எனக்கென்னடா," என்றார். "எனக்கென்னவாம்," என்று ஹென்றி வாய்க்குள் சிரித்தான். இவனுக்கு எப்படித் தெரியும், மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதா, வேர்த்தது, கைக்குட்டையைத் தேடினார், சட்டைப் பையில் கண்ணாடி உறைதான் இருந்தது. எனக்கென்ன. எனக்கு என்னவெல்லாமோ. பெண் பார்க்கப் போன அன்றைக்கு மாமனார் கிடாரை எடுத்துவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கம்பி எங்க தம்பி, அறுந்துபோச்சா?" என்றார். பேஸ் கிடாருக்கு நாலு கம்பிதான் மாமா என்றால், "சம்பளம் முழுசா தர்றாங்களா?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது, மணப்பெண்ணும் கதவுக்குப் பின்னால் சிரித்தாள், இன்றைக்கு வரைக்கும் வீட்டில் எது குறைந்தாலும் ரெண்டு கம்பி குறைச்சல் என்றுதான் பேச்சு. மருமகன் நண்பர்களிடம் அறிமுகப்படுத்தும்போது, "மாமா கிடார் வாசிப்பார்," என்கிறான். பேஸ் என்று திருத்தினால், "அதுவும் கிடார்தானே மாமா." அதுவும் கிடார்தான். இட்லிக்குண்டானும் பாத்திரம்தான். பேஸ் இல்லாவிட்டால்தான் அதன் அருமை தெரியும், ஆனால் அது இல்லாத மேடையை யாரும் கேட்டதில்லையே, எப்படித் தெரியும்.

கச்சேரி முடியும்போது கடைசிப் பாட்டின் நடுவில் பாடகன் வின்ஸ்டன் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வான். சொன்னதும் அவரவர் கொஞ்சம் வாசித்துக் காட்ட வேண்டும், ஜனம் கைதட்டும். எல்லாக் குழுவிலும் அதுதான் வழக்கம். கிடார் முதலில், கீபோர்டு பிறகு, அப்புறம் "ட்ரம்ஸ்ல ஜெசிந்தா" என்பான், அவ்வளவுதான், மைதானம் கிழிந்துபோகும், விசில், துண்டு பறக்கும், அவள் மொத்த வாத்தியத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவருவாள், அந்த இரைச்சலுக்குள் வின்ஸ்டன் "பேஸ்ல" என்று ஆரம்பிப்பது வாயசைவில் மட்டும் தெரியும். ஞானசிகாமணி வாசித்துக் காட்டுவார். அவர் வாசித்தது அவருக்கே கேட்காது. ஒரு தடவை வின்ஸ்டனிடம், "என் பேரை முன்னாடி சொல்லேன்," என்று கேட்டுவிடலாம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து, இறங்கும்போது, "நாளைக்குப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு வந்தார். அப்போது அவருக்கு ஜெசிந்தாமேல் பொறாமையாக இருந்தது. இப்போதும்தான் இருக்கிறது. சுத்தமான பொறாமை, அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு ஒத்திகைக்கு வந்த பெண், எத்தனை அடி வாங்கியிருப்பாள், பிறகு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகப் போய் விசில் ஊதிக்கொண்டிருந்தாள், குச்சியைத் தொடவே இல்லை, இதெல்லாம் தெரிந்துதான் பொறாமை. தெரிந்ததால் குறையும் என்றால் அது பொறாமையா.

வரதன் கைதூக்கச் சொல்லிவிட்டார். எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. அவரும் நாதமுனியும் ரெஜினால்டுக்கு, மெர்சியும் ஹென்றியும் ஜெசிந்தாவுக்கு, எல்லாக் கையும் இறங்கிவிட்டது, இப்போது எல்லாக் கண்ணும் இவர் பக்கம். "ரெண்டுக்கு ரெண்டு. சிகாமணி சார், உங்க ஓட்டுதான். உங்க குழுன்னு கூச்சப்படாதீங்க, மனசுல பட்டதைச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, ஜெசிந்தா நல்லா இருக்காங்க, அடுத்த வருஷம் போட்டுக்கலாம். ரெஜினால்ட் போயிட்டான். அவன் சம்சாரம் ஒரு படமாவது மாட்டுங்கன்னு என்கிட்ட அழுதாங்க. செத்தவனுக்கு முதல் மரியாதை செய்யறதுதான் நம்ம பண்பாடு." அடடா. நல்ல காரணம். மடியில் வந்து விழுந்த காரணம். கையைத் தூக்கி ரெஜினால்ட் என்றால் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது, பெருந்தன்மை என்பார்கள், சொந்தக் குழுவையே விட்டுக்கொடுத்தார் என்பார்கள், அந்தப் பெருந்தன்மைக்காகவே அடுத்த வருஷம் இன்னும் நாலு பேர் இவர் பெயரைச் சொல்வார்கள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். இவ்வளவு நல்ல காரணம் கிடைக்காமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் தன் பெயர் வந்தால் ஜெசிந்தாவுக்கு எங்கே இடம், அதை வரதன் யோசிக்கவில்லை, யோசிக்கவேண்டியவன் நான் மட்டும்தான், ஹென்றி யோசித்துவிட்டான், ஹென்றி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான், நாலு, ஐந்தாவது இல்லை, இரண்டு சேர்த்து. "இதை யாராவது ரிப்பேர் பண்ணக்கூடாதா?" என்றார் ஞானசிகாமணி. எல்லோரும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"ஒரு நிமிஷம். ஓட்டு போடறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க," என்று ஹென்றி போனை மேசை நடுவில் வைத்தான். பழைய கேசட்டிலிருந்து மாற்றி எடுத்ததாம். ஒரு பொறியியல் கல்லூரி மைதானம், பொழுது சாயும் நேரம், கேட்க வந்த பையன் எவனோ பேட்டரி டேப் ரெக்கார்டரில் பிடித்தது. சத்தம் வந்ததுமே ஞானசிகாமணிக்கு எந்த நாள் என்று தெரிந்துவிட்டது, முதுகில் சட்டை ஒட்டியதுகூட நினைவுக்கு வந்தது, கொசு, பொரித்த அப்பள வாசனை. பாட்டின் நடுவே கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, கிடார் செத்தது, கீபோர்டு செத்தது, வின்ஸ்டன் கெட்ட வார்த்தையில் கத்தினான், அது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. ஜெசிந்தா நிறுத்தவில்லை. ட்ரம்ஸுக்கு எதற்குக் கரண்ட். இருட்டில் அவள் ஒருத்தியே வாசித்தாள், ஜனம் முதலில் கூச்சல் போட்டது, பிறகு மெதுவாகக் கைதட்டிச் சேர்ந்துகொண்டது, பிறகு மைதானம் மொத்தமும் ஒரே தட்டாக ஆனது. மெர்சி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். நாதமுனியின் விரல் மேசையில் தானாக ஆடியது. வரதன்கூட வாயை மூடிக்கொண்டார். பிறகு கரண்ட் வந்தது. பதிவிலும் வந்தது, ஒரு கூச்சல், கொஞ்சம் தடுமாறிக் கிடார் வந்து சேர்ந்தது, கீபோர்டு வந்தது. ஞானசிகாமணி காதைக் குவித்துக்கொண்டு குனிந்தார். பேஸ் இல்லை. எங்கேயும் இல்லை. இந்தப் போனின் பொடி ஸ்பீக்கரில் பேஸ் வராது, அந்தக் கனத்த அடிச் சத்தத்துக்குப் பெரிய பெட்டி வேண்டும், அது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஊரில் இனி எல்லோரும் போனில்தான் கேட்கப்போகிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம்தான். இரண்டையும் சேர்த்து இதுவரை யோசித்ததில்லை.

ஆனால் அன்றைக்கு அவரும் நிறுத்தவில்லை. அதை யாரிடம் சொல்வது. மேடையில் அவர் ஜனத்தைப் பார்த்து நின்றதே கிடையாது, முதுகைக் காட்டிக்கொண்டு ஜெசிந்தாவின் வலது காலைப் பார்த்தபடிதான் நிற்பார். பேஸ் வாசிப்பவனுக்கு அந்தக் கால்தான் வேதம், அது பெரிய ட்ரம்மை மிதிக்கிற அதே நொடியில் இவர் விரல் கம்பியை விட வேண்டும், இரண்டும் ஒரே சத்தமாக விழ வேண்டும். செருப்பை ஸ்டூலடியில் கழற்றிப்போட்டுவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் அவருக்கு யோசிக்க வேண்டும், அந்தக் கால் எந்த விரலில் அழுந்தும், குதிகால் எப்போது தூக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அன்றைக்கு இருட்டில் கால் தெரியவில்லை. காதால் பிடித்துக்கொண்டு, செத்த கிடாரில், யாருக்கும் கேட்காத கம்பியில், ஒரு தட்டு விடாமல் கூடவே வாசித்துக்கொண்டு நின்றார். கரண்ட் வந்த நொடியில் மற்றவர்கள் எங்கே சேருவது என்று தேடினார்கள், அவர் தேடவில்லை, ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். ஜனத்துக்கு அது தெரியாது. வின்ஸ்டனுக்குத் தெரியாது. மைக்செட் ஹென்றிக்கே தெரியாது. சாமானை வேனில் ஏற்றும்போது ஜெசிந்தா குச்சியால் அவர் தோளில் தட்டி, "நீ நிறுத்தவே இல்லல்ல?" என்றாள். "உனக்கெப்படித் தெரியும்?" என்றார். "கம்பிச் சத்தம் கேட்டுச்சே. நீ இருக்கேன்னு தெரிஞ்சுதான் நான் நிறுத்தலை. இல்லன்னா பயந்து எழுந்து ஓடியிருப்பேன்." சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கித் தின்றாள், இவருக்கும் பாதி கொடுத்தாள். அத்தனை கூச்சலுக்கு நடுவில், அத்தனை அடி அடித்துக்கொண்டே, கேட்டிருக்கிறாள். உலகத்தில் ஞானசிகாமணி வாசித்ததைக் கேட்ட ஒரே ஆள். அந்த நேரம் பார்த்து வரதன், "அருமை, அருமை. ஆமா, இதுல பேஸ் எங்க? ஒண்ணுமே கேக்கலையே," என்றார்.

ஹென்றி வாயைத் திறந்தான். ஞானசிகாமணி மேசைக்கடியில் அவன் தொடையை அழுத்தினார். அப்போதுதான் தன் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருப்பது தெரிந்தது, பாட்டு நின்ற பிறகும், அவள் வேகத்தில், மின்விசிறி என்ன தட்டினாலும் கலையாமல். கையைத் தூக்கினார். தோள்பட்டை வலித்தது, போன மாதத்திலிருந்தே வலிதான். "ஜெசிந்தா," என்றார். குரல் கரகரத்தது, இன்னொரு தடவை சொன்னார். மெர்சி ஹேய் என்று கத்தினாள். வரதன் பெருமூச்சு விட்டு, "சரி, ரெஜினால்டுக்கு அடுத்த வருஷம் முதல் ஆணி, இப்பவே எழுதிக்குங்க," என்றார். டீ வந்தது. டீயில் இஞ்சி அதிகம். சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை, வேண்டாத பொருளைத் தானம் கொடுத்தவனுக்குத்தான் உடனே சந்தோஷம் வரும். ஹென்றி தன் பிஸ்கட்டையும் அவர் சாசரில் வைத்தான்.

"அங்கிள், சட்டத்துக்குப் படம் வேணும். ஆன்ட்டி வாசிக்கிற மாதிரி இது ஒண்ணுதான் கிடைச்சுது," என்று மெர்சி போனை நீட்டினாள். மேடையின் பக்கத்திலிருந்து எடுத்தது. ஜெசிந்தா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள், இப்படித்தான் சிரித்திருக்கிறாளா, எத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றும் பார்த்ததில்லை. பெடலில் வெறுங்கால். அதை ஒட்டிப் படத்தின் ஓரத்தில் ஒரு கிடாரின் நீளக் கழுத்து, அதைப் பிடித்த ஒரு இடது கை, மோதிர விரலில் பிளாஸ்திரி. அதற்கு மேல் படம் இல்லை. "ஓரத்துல யாரோட கையோ தெரியுது. வெட்டிடட்டுமா?" மெர்சியின் விரல் அந்த ஓரத்தை உள்ளே தள்ளிக் காட்டியது. கை போயிற்று, கழுத்து போயிற்று, கூடவே காலும் பாதி போயிற்று. "வேணாம்மா," என்றார், நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "கால் போயிடுது பாரு." "முகம் நல்லா இருக்கே அங்கிள், கால் எதுக்கு?" "ட்ரம்ஸ் வாசிக்கிறவளுக்கு முகத்தை வச்சு என்ன செய்ய? கால் முழுசா இருக்கணும்." அவள் விரலை எடுத்தாள். கால் திரும்பி வந்தது, கையும் வந்தது. "அப்ப கீழே இது யாரு கைன்னும் போடணுமே. பேர் தெரியுமா உங்களுக்கு?" மெர்சி நிஜமாகவே கேட்டாள், அவளுக்கு அது ஏதோ ஒரு கிடார்காரர் கை. ஹென்றி டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு குழுவுக்கு ஒரு படம், ஒரு படத்துக்கு ஒரு பேர். ஞானசிகாமணி இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். அந்த விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. "பேரெல்லாம் வேணாம். கை மட்டும் இருக்கட்டும்," என்றார். இறங்கும்போது படிக்கட்டில் நின்று அந்த ஆணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் ஆடியது. நாளைக்கு வந்து இரண்டு அடி அடித்துவிட்டுப் போகலாம், வீட்டில் சுத்தியல் இருக்கிறது.